மெயின் சுவிட்ச் விழுந்தால் கோபம் வேண்டாம்



லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் எஞ்சின் ஓடும், இரவானதும் நின்றுவிடும் என்பார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு விளக்குகள்தான். அந்த விளக்குகளுக்காக இழுத்த வயரிங்கில் பின்னாளில் ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், சுடுநீர்ச் சாதனம் எல்லாம் ஏறிக்கொண்டன. ஆனால், 'எர்த்' கம்பி வந்ததா? அதைத்தான் பலரும் கேட்பதில்லை.

மூன்று முனை பிளக்கில் நீளமான முனை எதற்கு? உள்ளே வயர் உரசி, இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் அனுப்புவதற்கு. அந்த வழி இல்லையென்றால், வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று ஐஸ் பெட்டியைத் திறப்பவரின் உடம்பே வழியாகிவிடும். முன்பு சில வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டினார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

"பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். பியூஸ் காப்பது வயரை, மனிதரை அல்ல. பிளக்கில் உள்ளது 13 ஆம்பியர் பியூஸ். மனித இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். உயிரைக் காப்பது ஈ.எல்.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்புச் சுவிட்ச். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியருக்கும், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கும் மேற்படாத சுவிட்சைக் கேட்கின்றன. எர்த் சரியாக இருந்தால் கசிந்த உடனே அது விழும். எர்த் இல்லாவிட்டால், ஒருவர் தொடும்வரை காத்திருக்கும்!

இடி மழையில் அடிக்கடி விழுகிறது, மீனும் கறியும் கெட்டுப்போகிறது என்று சிலர் அந்தச் சுவிட்சையே தவிர்த்து நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். இது காவல்காரன் சத்தம் போடுகிறான் என்று அவனை வேலையை விட்டு நீக்குவது போன்றது. வெயில் நாளிலும் விழுந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பழுதான சாதனம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். எதுவும் அகப்படாவிட்டால் கோளாறு வயரிங்கில் இருக்கலாம்.

சுவிட்சில் 'டெஸ்ட்' பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். ஆனால், அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது. அதற்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் கருவி வைத்து அளக்க வேண்டும்.

செலவு யாருடையது? தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடென்றால், 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி மின்சார வசதி செய்து தருவதும், வீட்டைப் பழுதின்றிப் பராமரிப்பதும் முதலாளியின் கடமை. எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சுவரைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்று சிரித்துப் பேசிவிட்டுப் போகும் குடும்பங்கள், அடுத்த முறை அதைத் தொடப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம் என்பதை நினைக்க வேண்டும்.