கப்பல் காணாத புயல்கள்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையை விட்டுப் புயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புயலைப் பாடாத கவிஞர் நம்மில் அரியர் என்பதால் பொறுத்தருள்வீர்கள். கடல் சினந்தது, மனிதன் செய்த பிழைக்குப் பழிவாங்கியது என்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காக அறிவியலார் எத்தனை ஆண்டுகள் வழக்காடினர் என்பதே என் பேச்சு.

2005 ஆகஸ்டுத் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் அமெரிக்க வானிலை அறிஞர் கெர்ரி இமானுவேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அட்லாண்டிக்கிலும் மேலைப் பசிபிக்கிலும் புயல்கள் செலவிடும் ஆற்றல் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது என்பது அவர் கணிப்பு. வெப்பக் கடலே புயலின் எரிபொருள். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். அம்மாத இறுதியில் கத்ரீனா நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தது. செப்டம்பரில் வெப்ஸ்டர் குழுவினர் 'சயின்ஸ்' இதழில், புயல்களின் எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் 4, 5ஆம் வகுப்புக் கடும்புயல்கள் பெருகியுள்ளன என்று எழுதினர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பருவத்துக்கு முன்பே புயல்களைக் கணித்துச் சொல்வதில் முன்னோடியான கொலராடோவின் வில்லியம் கிரே, எல்லாம் கடலின் இயற்கையான ஏற்றத்தாழ்வே என்றார். புவி வெப்பமுறலையே மோசடி என்றும் பேசினார். அவ்வளவு பெரிய அறிஞர் அதில் தவறினார் என்பதே என் கருத்து. ஆனால் அவருடைய மாணவர் கிறிஸ் லாண்ட்சீ எழுப்பிய கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. பழைய பதிவேடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவர் கேட்டார்.

அட்லாண்டிக் புயல் பதிவு 1851இல் தொடங்குகிறது. அதில் பெரும்பகுதி கப்பல் மாலுமிகளின் குறிப்பு. எந்த மாலுமி புயலை நாடிப் போவான்? நடுக்கடலில் எழுந்து, எந்தக் கப்பலும் காணாமல், எந்தக் கரையையும் தொடாமல் அடங்கிய புயல் ஏட்டில் இல்லை. 1940களில் விமானங்களும் 1960களில் செயற்கைக்கோள்களும் வந்த பின்னரே கண்கள் பெருகின. பெருகியது புயலா, கண்களா? இமானுவேலின் கணக்கிலேயே ஒரு பிழையை லாண்ட்சீ சுட்டினார். இமானுவேல் அதை ஒப்புக்கொண்டு திருத்தினார். முடிவை மட்டும் கைவிடவில்லை. இந்த வழக்கில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். நம் கவியரங்கங்களில் இப்படி ஒன்று நடந்து நான் கண்டதில்லை!

காலப்போக்கில் வாதம் ஒருவாறு தெளிந்தது. 2021இல் ஐ.நா.வின் பன்னாட்டு அரசுக் குழு, நாற்பது ஆண்டுகளில் கடும்புயல்களின் பங்கு கூடியிருக்கக்கூடும் என்றது. புயல் மழை பெருகியதில் மனிதனின் பங்கை இன்னும் உறுதியாகவே சொன்னது. 2017இல் ஹூஸ்டனில் ஹார்வி கொட்டிய மழையை வெப்பமுறல் ஏறத்தாழ 15 விழுக்காடு கூட்டியது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நூறாண்டுக் கணக்கில் புயல்களின் எண்ணிக்கை கூடியதா என்பதற்கு மட்டும் இன்றும் உறுதியான விடையில்லை. காணாத புயல்களின் வெற்றிடம் அங்கே நிற்கிறது.

லாண்ட்சீயும் உடன் உழைப்போரும் பழைய புயல்களை ஒவ்வோர் ஆண்டாக எடுத்து மறுபடி அளந்துவந்தனர். 1992இல் புளோரிடாவைச் சிதைத்த ஆண்ட்ரூ புயல் முதலில் 4ஆம் வகுப்பு என்றே எழுதப்பட்டது. அது 5ஆம் வகுப்பு என்று ஏட்டில் திருத்தப்பட்டது 2002இல், நம் வட்டத்தின் வயதளவு காலம் கழிந்த பின்.