“அவன்” என்றால் அவளும் அடக்கமா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு சிறு சொல்லைப் பற்றியதாகும். கணினியில் ஓடும் மென்பொருளை எப்படிக் கையாளுவது என்று, அதை ஆக்கினவர்கள் இங்கிலீஷில் விளக்கக் குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். அக்குறிப்புகளில் உபயோகிப்பவரைச் சொல்ல நேர்ந்த இடத்திலெல்லாம் “அவன் இதைச் செய்ய வேண்டும்” என்கின்ற மாதிரியே வெகுகாலம் எழுதி வந்தார்கள்.

2013-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், நோட் ஜேஎஸ் என்னும் மென்பொருளுக்கு அடித்தளமான லிப்யூவியின் குறிப்பில் இருந்த இப்படிப்பட்ட ஓர் ஆண்பாற் சொல்லை, இருபாலுக்கும் பொதுவான சொல்லாக மாற்றி ஒருவர் அனுப்பினார். இவ்வளவு அற்பத் திருத்தம் வேண்டியதில்லை என்று முதலில் தள்ளப்பட்டது. இன்னொருவர் சேர்த்தார், சேர்த்ததை மறுபடியும் எடுத்தார்கள், பெரிய ரகளையான பிறகே திருத்தம் நிலைத்தது. தள்ளினவரைத் தூஷிப்பது நமது வேலையல்ல. ஆனால் “அற்பம்” என்கின்ற காரணம் இருக்கிறதே, அதைக் கேட்காமல் விடுவதற்கில்லை. அற்பமானால் மாற்றிவிட்டுப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? எழுத்துப் பிழையும் அற்பந்தான். அதைத் திருத்துவதற்கு எவராவது மல்லுக்கு நிற்பதுண்டா?

“அவன்” என்றால் அவளும் அதில் அடக்கம் என்று இன்னொரு சமாதானம் சொல்லுகிறார்கள். இந்த அடக்கத்தின் யோக்கியதையைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1850-ம் வருஷத்திலேயே, சட்டங்களில் ஆண்பாற் சொல் வந்தால் அது பெண்ணையும் குறிக்கும் என்று பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். 1867-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதில் ஓட்டுப் பெறுகிறவரைக் குறிக்க “மேன்” என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். அப்படியானால் எங்களுக்கும் ஓட்டு உண்டே என்று மான்செஸ்டர் பெண்கள் கேட்டார்கள். 1868-ல் கோர்ட்டார் சொன்ன தீர்ப்பென்ன தெரியுமா? ஓட்டு விஷயத்தில் அந்தச் சொல்லில் பெண் அடக்கமில்லை என்பதுதான்! ஆகவே வரி கொடுக்கும்போது அவள் உள்ளே; ஓட்டுக் கேட்கும்போது அவள் வெளியே. ஆண்களோடு சரிசமமான ஓட்டு அங்கே பெண்களுக்கு 1928-ல்தான் வந்தது. அடக்கம் என்பது இருபக்கமும் வெட்டும் கத்தியல்ல, தோழர்களே. பெண் பக்கம் மாத்திரம் வெட்டுகிற கத்தி.

இனி இலக்கணப் பண்டிதர்களின் ஆக்ஷேபணை. “தே” என்பது பன்மையாம், ஒருவருக்குப் போடக்கூடாதாம். “யூ” என்பதுங்கூட ஒரு காலத்தில் பன்மைதானே! “தே” என்று ஒருவரைக் குறிப்பது 14-ம் நூற்றாண்டு முதலே இங்கிலீஷில் உண்டு. தமிழரான நமக்கு இதில் திகைக்க என்ன இருக்கிறது? பலரைக் குறித்த “அவர்” என்பதைத்தானே மரியாதைக்காக ஒருவருக்குப் போட்டுப் பேசுகிறோம்? (ஏர் பிடிக்கிறவருக்கு அந்த “அவர்” கிடைத்ததா என்பது வேறு சங்கதி.) ஆணென்றோ பெண்ணென்றோ தம்மைச் சொல்லிக் கொள்ளாதவர்களுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினிக்கு நிரல் அமைத்த முதல் ஆறு பேரும் பெண்கள். அப்படிப்பட்ட தொழிலின் குறிப்பில் “அவன்” என்று எழுதுவது மரியாதைக் குறைவு மாத்திரமல்ல, பொய்யுமாகும்.

இன்று கூகுள், மைக்ரோசாப்ட் போன்ற பெரிய கம்பெனிகளே, நேராக “நீங்கள்” என்று எழுது, அல்லது “தே” போடு என்று தங்கள் எழுத்து விதிகளில் வைத்திருக்கின்றன. அதனால் எந்த மென்பொருளும் ஓடாமல் நின்றுவிடவில்லை. இக்கூட்டத்தில் அந்த வேலை பார்ப்பவர்கள் இருந்தால், நாளைக்கு ஆபீசுக்குப் போனதும் உங்கள் குறிப்புகளைத் திறந்து, எத்தனை “அவன்” இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.