'பம்ப் போச்சு' என்று சொல்லும் முன்



பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு தீர்ப்பைப் பற்றி இன்று பேசப்போகிறேன். காலையில் சாவியைத் திருப்புவோம். செல்ஃப் நன்றாக அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. மெக்கானிக் வந்து பார்ப்பார், பெட்ரோல் ஏறவில்லை என்பார். கையோடு, "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்பார். மாற்றுவோம். கொஞ்ச நாளில் வண்டி மறுபடி நிற்கும். ஏனென்றால் பல வண்டிகளில் கோளாறு பம்பில் இருப்பதில்லை. பம்புக்குப் போகும் மின்சாரத்தில் இருக்கிறது.

1983-ல் மாருதி 800 வந்தபோது இந்தத் தொல்லை கிடையாது. இன்ஜின் சுழல்வதை வைத்தே இயங்கும் சின்ன பம்ப் ஒன்று கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளியது. அதற்குக் கால் பார் அழுத்தமே போதும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2000 வாக்கில் புகை விதிகள் இறுகியதும் மாருதி 800-ம் எம்பிஎஃப்ஐ எனும் இன்ஜெக்டர் முறைக்கு மாறியது. இவற்றில் பெட்ரோலை இன்ஜெக்டர் பொடித் தூறலாகச் சீற்ற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. அந்த அழுத்தத்தைத் தரும் மின்சார பம்ப் டேங்குக்குள், பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது.

பெட்ரோலுக்குள் மோட்டார் ஓடினால் தீப்பிடிக்காதா என்று கேட்கலாம். டேங்குக்குள் பெட்ரோல் ஆவி மிக அடர்த்தி. எரிவதற்கு வேண்டிய காற்று அங்கே இல்லை. அதனால் பிடிக்காது. ஆனால் பம்பை எடுக்க டேங்கைத் திறந்துவிட்டால் நிலைமை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காதைக் கொடுங்கள். பின் சீட்டருகே ஒருவரை உட்கார வைத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று விநாடி மெல்லிய முனகல் கேட்டு நின்றுவிடும். சில மாடல்களில் செல்ஃப் அடிக்கும்போதுதான் பம்ப் ஓடும். சாவி போட்டதும் ஓடிய பம்ப், செல்ஃப் அடிக்கும்போது ஓடவில்லையா? பம்பைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூவுக்குப் போகாமல் இருக்கலாம். அந்தத் தகவலைத் தரும் கிராங்க் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், அடுத்து ரிலே. அதே எண் போட்ட, அதே மாதிரிக் கால்கள் உள்ள ஹாரன் ரிலே பெட்டியில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை. பழைய ஃபியட், ஃபோர்டு கார்கள் சிலவற்றில் விபத்து நேர்ந்தால் பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அது துள்ளிவிடும். அமுக்கிவிட்டால் வண்டி கிளம்பிவிடும்.

இனிதான் முக்கியமான இடம். சான்ட்ரோவில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதன் கீழே பம்பின் ஒயர்களை இணைக்கும் கப்ளர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மீட்டரை வைப்பார்கள், 12 வோல்ட் காட்டும். "கரன்ட் வருது, பம்ப்தான் போச்சு" என்பார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டருக்குக் கரன்டே வேண்டாம், பம்புக்கோ சில ஆம்பியர் வேண்டும். லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் உறுமும், தண்ணீர் மேலே வராது. அதே கதைதான் இங்கும். ஆகவே கப்ளரை மாட்டி, பம்பை ஓடவிட்டு, அதன் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் அளக்க வேண்டும். எர்த்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பாடியில் முடுக்கிய ஒரு போல்ட், அதன் அடியில் துரு, அவ்வளவுதான் கோளாறு.

கப்ளரைக் கழற்றும்போது பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி லேசாகச் சுருங்கியிருந்தால் அங்கே பிடி தளர்ந்து சூடேறியிருக்கிறது. அந்தக் கப்ளரிலேயே புது பம்பை மாட்டினால் அதுவும் திணறும். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

மின்சாரம் சரியாக வந்தும் பம்ப் ஓடவில்லை, டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓடுகிறது என்றால், அப்போது ஒப்புக்கொள்ளலாம்: பம்பின் உள்ளே தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் மேட்டில் இழுவை இல்லையென்றால் அழுத்தம் பார்க்கும் கேஜ் போட வேண்டும். பம்பின் வாயிலுள்ள சல்லடையோ ஃபில்டரோ அடைத்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பல வருஷமாய்ப் படிந்த கசடையும் கிளப்பிவிடும். பழைய ரப்பருக்கும் அது ஆகாது. டேங்குக்குள் இருக்கும் சின்னக் குழாயை மாற்ற நேர்ந்தால், பெட்ரோலில் முழுகிக் கிடக்கவே செய்யப்பட்ட குழாயாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குழாய் உப்பி, கழன்றுவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே சுற்றும்.

இப்போது டேங்கைத் திறக்கும் விஷயம். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பரவும். எனவே திறந்த வெளியில் செய்யுங்கள். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டுச் சிலமுறை செல்ஃப் அடித்து அழுத்தத்தைக் குறையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே குழாயில் கை வையுங்கள். ஒயர் இழுத்துத் தொங்கவிடும் குண்டு பல்பு கூடவே கூடாது.

பம்பின் மோட்டாரைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சூட்டில் சீக்கிரம் தேய்கிறது. டேங்கில் கால் பங்காவது வைத்திருங்கள். அடுத்த முறை யாராவது 'பம்ப் போச்சு' என்றால், புதுசுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கப்ளரை மாட்டி, பம்ப் ஓடும்போது எத்தனை வோல்ட் வருதுண்ணே?" அந்த எண்ணை மீட்டரில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.