தேய்வது தலை மட்டும்தான்

காரியாபட்டிக் கடைத்தெருவில் சுழல் மாப்புக்கு மாற்றுத் துணி தனியாகக் கிடைக்கிறது. தரை தேய்க்கிற பிரஷுக்குத் தலை மட்டும் கேட்டால், "முழுசாத்தான் வருங்க" என்பதே பெரும்பாலும் பதில். தேய்ந்தது மயிர்தான்; நல்ல கம்பும் சேர்ந்தல்லவா குப்பைக்குப் போகிறது!

நூற்பாலை வேலை தெரிந்தவர்களுக்கு மாற்றுத் தலை புதிதல்ல. கோம்பர் எந்திரத்தில் பஞ்சின் குட்டை இழைகளைச் சீவியெடுக்க ஊசிச் சீப்பு உண்டு. சீப்பில் சிக்கும் கழிவை உருளை பிரஷ் ஒன்று சுழன்று துடைத்தெடுக்கும். மயிர் தேயத் தேய ஊசியின் அடிவரை எட்டாது. கழிவு தங்கினால் நூலின் தரம் கெடும். அதனால் பிரஷைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி வைப்பார்கள். அதற்கும் மேல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு பூட்டுவார்கள்.

வீட்டில் இப்படித் தலையை மட்டும் மாற்றத் தடை, கம்பின் மரைதான். அமெரிக்கக் கம்புகளுக்கு முக்கால் அங்குல மரை பொதுவானது. ஐரோப்பாவில் இத்தாலிய மரை பரவலாக உண்டு. நம் கடைகளில் ஒரு கம்பெனிக் கம்பில் இன்னொரு கம்பெனித் தலை ஏறும் என்று நம்ப முடியாது. பழைய கம்பைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

மயிரையும் கவனியுங்கள். கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் நைலான் வாங்க வேண்டாம். ஆசிட் அதை அரித்துவிடும். பாலிபுரொப்பிலீன் தாங்கும். வேலை முடிந்ததும் கழுவித் தொங்கவிடுங்கள். மயிரை ஊன்றி நிறுத்தினால் மடிந்த மயிர் நிமிராது.

நைலான் மயிர் பல் துலக்கும் பிரஷில் வந்ததே 1938இல்தான். அதற்கு முன்பே நம் தென்மாவட்டப் பனந்தும்பு தூத்துக்குடியில் கப்பலேறி, ஐரோப்பியத் தெருக்களைப் பெருக்கும் பிரஷ்களுக்குப் போனது. பனைமட்டையின் அடிப்பகுதியை மரச்சுத்தியலால் அடித்து நைத்து, இரும்புச் சீப்பில் சீவினால் வருவது பனந்தும்பு. முரட்டு நார், ஈரத்திலும் எளிதில் துவளாது.

திருச்சுழிப் பக்கக் கண்மாய்க் கரைகளில் இன்னும் பனை நிற்கிறது. மகளிர் குழுக்கள் பனந்தும்பில் பிரஷ் தலை செய்ய முன்வந்தால், கம்புத் துளையை எல்லாத் தலைக்கும் ஒரே அளவாக வைக்கட்டும். மாட்டுத் தொழுவத்துக்கும் சிமெண்டுக் களத்துக்கும் அப்படி ஒரு தலை இப்போதே தேவைப்படுகிறது.