ஒரே டிக்கெட்டே நிம்மதி!



பயணத்துக்கு முதலில் வேண்டியது சிக்கனமா, நிம்மதியா? எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “இடையிலே விமானம் மாறிப் போகும்போது தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால் காசு மிச்சம்” என்றார். மிச்சம்தான், பல நேரம் உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் வீடு வந்து சேருமா? அதுதான் என் கேள்வி. (கைதட்டல்)

ஒரு உதாரணம் பாருங்க. மகளுக்கு லண்டனில் பிரசவம். கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் கிளம்பறாங்க. டெல்லி வரைக்கும் ஒரு கம்பெனி டிக்கெட். அங்கிருந்து லண்டனுக்கு வேறொரு கம்பெனி டிக்கெட்.

பெட்டி கட்டும்போதே சிக்கல் ஆரம்பம். லண்டன் டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ என்று வையுங்க. உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான். மீதி 8 கிலோவில் என்ன இருக்கு? பிரசவ லேகியம், பருப்புப்பொடி, ஊறுகாய்! அதுக்குக் கிலோக் கணக்கில் தனிக் காசு. ஒரே டிக்கெட்டா இருந்தா, பொதுவா லண்டன் கணக்கே கோவையிலிருந்து செல்லும்.

மாசமோ மார்கழி. டெல்லியில் பனிமூட்டம். விமானம் 3 மணி நேரம் தாமதம். வந்து இறங்கறது 1-ஆவது டெர்மினல். லண்டன் விமானம் 3-ஆவது டெர்மினல். நடந்து போற தூரமா அது? பெட்டியை எடுத்து, பஸ் பிடிச்சு, மறுபடி வரிசையில் நிக்கணும். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிடுவாங்க!

ஒரே டிக்கெட்டா இருந்தா, அடுத்த விமானத்தில் ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டுன்னா? முதல் கம்பெனி, “டெல்லியில் இறக்கிட்டோம், எங்க வேலை முடிஞ்சுது” என்கும். ரெண்டாவது கம்பெனி, “பயணி வரவில்லை” என்று எழுதிக்கும். ரெண்டு பேரும் சம்பந்திங்க இல்லை ஐயா! ஒரே டிக்கெட்டுன்னு ஒரு தாலியைக் கட்டினாத்தான் சம்பந்தி! (பலத்த சிரிப்பு)

அதோட முடிஞ்சுதா? போகும்போது ஏறலைன்னா, அதே டிக்கெட்டில் போட்ட திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்து!

“முதல் நாளே டெல்லிக்குப் போய்த் தங்கலாமே” என்பார்கள். நல்ல யோசனை. தனித்தனியாப் போடறவங்க அப்படித்தான் செய்யணும். ஆனா அறை வாடகை, சாப்பாடு, டாக்சி... மிச்சம் பிடிச்ச காசு எங்கே போச்சு நடுவர் அவர்களே? (கைதட்டல்)

காசை விடுங்க. அங்கே மகள், “அம்மா கிளம்பிட்டாங்களா?” என்று வலியோடு கேட்டுக்கிட்டு இருக்கா. இங்கே அம்மா, பாஷை தெரியாத ஊரில் பெட்டி மேலே உட்கார்ந்திருக்காங்க. அந்த ஒரு ராத்திரிக்கு என்ன விலை போடுவீங்க?

தோளில் ஒரு பையோட போற இளவட்டப் பிள்ளை சிக்கனம் பண்ணட்டும், வேண்டாங்கலை. பெத்தவங்களை அனுப்பும்போது அந்தச் சிக்கனம் வேண்டாம். பயணத்துக்கு முதலில் வேண்டியது நிம்மதியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.