அரிக்கமேட்டுப் பானை ஓடுகள்

(ஹடப்சரில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்தது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் செந்நிறக் கலங்களும், திராட்சை மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அதனை உரோமானியர் நிறுவிய வாணிபத் தலம் என்றே பலரும் கருதலாயினர். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட அகழாய்வோ, அக்கலங்கள் வருமுன்னரே அங்கு நம்மவர் குடியிருப்பு இருந்ததைக் காட்டிற்று.

நாம் வாழும் மராட்டிய மண்ணுக்கும் அவ்வாணிபத்தில் பங்குண்டு. கடற்றெய்வமாகிய பொசைடனின் வெண்கலச் சிலை கொல்லாப்பூர் பிரம்மபுரி மேட்டில் கிடைத்தது. அம்மேட்டை 1945-46இல் அகழ்ந்தோர் நம் புனே டெக்கான் கல்லூரியினரே.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவன அரிக்கமேட்டுப் பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பெயர்களே. அவை மன்னர் வெட்டுவித்த கல்வெட்டுகள் அல்ல. அன்றாடம் புழங்கிய கலங்களின் மேல் எழுதியவை. ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவற்றைப் படிக்கிறோம்.

ஊரிலிருந்து சீராக வந்த நம் எவர்சில்வர் பாத்திரங்களிலும் தமிழில் பெயர் வெட்டியிருக்கிறது. அதனைப் படிக்க இயலாத பிள்ளைகள் இன்று நம் இல்லங்களிலேயே உள்ளனர். மராத்தியும் ஆங்கிலமும் அவர்கள் நன்கு கற்கட்டும். நாள்தோறும் கால் மணி நேரம் தமிழெழுத்தும் கற்பிப்போம். பாத்திரத்தில் உள்ள பாட்டியின் பெயரைப் பேரக்குழந்தை வாய்விட்டுப் படிக்கும் நாளே நமக்கு உண்மையான விழா நாள்.