வளையும் ஒளி: இரண்டு கணக்குகள்



கற்பிட்டிக்கு வடக்கே, கரைத்தீவின் மேற்குக் கரையில் நின்று பொழுது சாய்வதைப் பாருங்கள். சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொடுகிறதே, அந்த நேரம் உண்மைச் சூரியன் ஏறக்குறைய முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. காற்று அதன் ஒளியை வளைத்து, மேலே தூக்கிக் காட்டுகிறது. வளைவு சுமார் 34 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). சூரியனின் அகலத்தைவிடச் சற்று அதிகம். மஃரிப் தொழுகை நேரத்தைக் கணிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கணிக்கிறார்கள்.

காற்றே இல்லாத வெளியிலும் ஒளி வளையும், சூரியனின் ஈர்ப்பினால். எவ்வளவு வளையும் என்பதில்தான் வழக்கு.

ஜேர்மனியின் சோல்ட்னர் 1801இல் நியூட்டன் வழியில் கணக்குப் போட்டார். ஒளியை விரைந்தோடும் துகளாகக் கொண்டால், சூரிய விளிம்பை உரசிவரும் கதிர் 0.84 விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) திரும்பும். 1911இல் ஐன்ஸ்டீனுக்கும் ஏறத்தாழ இதே விடைதான் கிடைத்தது. 1915இல் பொதுச் சார்பியல் முழுமை பெற்றதும் விடை இரட்டித்தது: 1.75 விகலை. சூரியனருகே காலம் மெதுவாக நகர்வதால் வருவது ஒரு பாதி, இடமே வளைந்திருப்பதால் வருவது மறுபாதி. நியூட்டனிடம் அந்த மறுபாதி கிடையாது.

இரண்டு சென்ரிமீற்றர் நாணயமொன்றை சுமார் 2.4 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தால் தெரியும் அளவுதான் இந்த 1.75 விகலை. அடிவானத்தில் காற்று வளைப்பதோ இதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல்! பிறகு எப்படிப் பிரித்தறிவது? முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனருகே தெரியும் நட்சத்திரங்களைப் படமெடுப்பார்கள். படத்திலுள்ள நட்சத்திரங்களைக் காற்று ஏறக்குறைய ஒன்றாகவே நகர்த்தும். ஈர்ப்பு அப்படியல்ல, சூரியனுக்குக் கிட்ட இருப்பதைக் கூடுதலாகவும் எட்ட இருப்பதைக் குறைவாகவும் நகர்த்தும். கிரகணப் படத்தையும், அதே நட்சத்திரங்களின் இரவுப் படத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் அகப்படும்.

1919 மே 29 கிரகணத்தில் வானியலாளர் எடிங்டனின் பிரின்சிப்பேத் தீவுக் குழு கண்டது 1.61 விகலை. பிரேசிலின் சோப்ராலில் 1.98. சோப்ராலின் இன்னொரு தொலைநோக்கி நியூட்டன் பக்கம் சாய்ந்தது. படங்கள் தெளிவில்லை என்று அதை ஒதுக்கினார்கள். ஒதுக்கியது சரிதான், ஆனால் சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. 1922 செப்டெம்பர் கிரகணத்தில் இதை அளக்கக் கொடைக்கானல் வானாய்வகத்தின் எவர்ஷெட் அவுஸ்திரேலியாவின் வொலல் கரைவரை போனார், கருவி காலைவாரிவிட்டது. அதே கரையில் அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழுவுக்குக் கிடைத்தது 1.72.

இன்று கிரகணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் இப்போது கேட்கும் வானொலி அலையும் ஒளியின் இனம்தான். குவேசார் எனும் தொலைதூர வான்பொருள்களிலிருந்து சூரியனருகே வரும் வானொலி அலைகளைப் பட்டப்பகலிலேயே அளக்கிறார்கள். ஐன்ஸ்டீனின் கணக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.